தேய்ந்த கார் திறப்புக்குப் புதுக் கேசிங்: வீட்டிலேயே மாற்றும் முறை

பட்டன் ரப்பர் கிழிந்து, வளையம் கோர்க்கும் காது உடைந்து, டேப் சுற்றிய திறப்போடு கொழும்பில் எத்தனையோ பேர் வாகனம் ஓட்டுகிறார்கள். உள்ளே சர்க்கிட் நன்றாக இருந்தால் வெறும் கேசிங் (வெளிக்கூடு) போதும். புதுத் திறப்பும் புரோகிராமிங் செலவும் தேவையில்லை.

முதலில் அதை உறுதிசெய்யுங்கள். பழைய கேசிங்கைத் திறந்து, போர்டில் உள்ள சின்ன சுவிட்சைப் பல்குத்தும் குச்சியால் அழுத்துங்கள். கதவு லொக் திறந்தால் கேசிங்தான் பழுது. திறக்காவிட்டால் புதுப் பற்றரி போட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் கேசிங் வாங்குவது வீண்.

கேசிங் வாங்க, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய திறப்பைக் கையோடு கொண்டுபோங்கள். வாகனத்தின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு திறப்பு மாறலாம். பட்டன்களின் எண்ணிக்கை, பிளேட்டின் (பூட்டுக்குள் நுழையும் உலோகப் பகுதியின்) பள்ளம், உள்ளே சிப் வைக்கும் குழி மூன்றும் ஒத்துப்போக வேண்டும். புதுக் கேசிங்கோடு வரும் பிளேட் வெட்டப்படாதது. உங்கள் பழைய பிளேட்டைக் கழற்றி மாட்ட முடியுமா என்று கடையிலேயே பாருங்கள். முடியாவிட்டால் திறப்பு வெட்டுபவரிடம் போகத்தான் வேண்டும்.

வேலையை வெள்ளைத் துணி விரித்துச் செய்யுங்கள். சின்ன நட்சத்திர ஸ்குரூ டிரைவரால் ஸ்குரூவைக் கழற்றி, விளிம்பில் பழைய பாங்க் கார்டை நுழைத்து மெதுவாக நெம்புங்கள். கத்தி வேண்டாம், போர்டைக் கீறிவிடும். திறந்தவுடன் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

இனிக் கவனம். பல திறப்புகளில் போர்டுக்கு வெளியே, கேசிங்கின் ஒரு குழியில், ஏறக்குறைய 12 மி.மீ. நீளமுள்ள கறுப்புத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். சிலவற்றில் அது மெல்லிய கண்ணாடிக் குழாய். பற்றரியே தேவையில்லாத இந்தச் சிப்தான், திருட்டைத் தடுக்க என்ஜினை எடுக்கவிடாமல் வைக்கும் இம்மொபிலைசருக்கு உங்கள் திறப்பை அடையாளம் காட்டுகிறது. பிளாஸ்டிக் துண்டென்று நினைத்துப் பழைய கேசிங்கோடு எறிந்தால் ரிமோட் கதவைத் திறக்கும், என்ஜின் எடுக்காது. பசை பிடித்திருந்தால் சிப்பை நெம்பாமல், சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுங்கள். புதுக் கேசிங்கிலும் அதே குழியில் வையுங்கள். அதன் சிக்னல் சில சென்டிமீட்டர்தான் எட்டும். பையில் இருந்தாலே வாகனம் அடையாளம் காணும் ஸ்மார்ட் கீ என்றால் சிப் பெரும்பாலும் போர்டிலேயே இருக்கும், கவலை குறைவு.

போர்டை மாற்றும்போது பற்றரித் தகடுகளைப் பாருங்கள். வியர்வையும் கடற்காற்றும் பச்சை பிடிக்க வைத்திருந்தால் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள். பற்றரி எண்ணை மாற்ற வேண்டாம்: சிஆர்2032, சிஆர்2016 இரண்டும் 20 மி.மீ. அகலம், ஆனால் ஒன்று 3.2 மி.மீ. தடிப்பு, மற்றது 1.6 மி.மீ. மெல்லியதைப் போட்டால் தொடுப்பு விட்டுவிட்டு வரும்.

மூடும் முன் ஒவ்வொரு பட்டனும் 'டிக்' என்கிறதா பாருங்கள். மலிவான கேசிங்கில் பட்டனின் அடிமுனை உயரமாக இருந்து சுவிட்சை அழுத்தியபடியே இருக்கும். பற்றரி சீக்கிரம் இறங்கிவிடும். முனையை மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள்.

மடியும் திறப்பில் பிளேட்டைப் பிடிக்கும் சிறு ஊசியை 'பஞ்ச்' எனும் மெல்லிய உலோகக் கருவியால் தட்டி எடுக்க வேண்டும். சுருள் ஸ்பிரிங் துள்ளிப் பறக்கும். கையால் மூடிக்கொண்டு திறவுங்கள். திரும்பப் பூட்டும்போது ஸ்பிரிங்கை முன்கூட்டியே முறுக்கிவைத்தால்தான் பிளேட் முழுதாக வெளியே வரும்.

கடைசியாக என்ஜினைப் போட்டு ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். சில வாகனங்கள் சிப் இல்லாமலும் எடுத்து, ஓரிரு விநாடியில் நின்றுவிடும். அதுவரை பழைய கேசிங்கை எறியாதீர்கள்.