பூச்சியம் ஏக்கருக்கு எத்தனை புசல்?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்புக்குச் சின்னதாக ஒரு நிரல் எழுதுகிறோம் என்று வையுங்கள். விதைத்த ஏக்கரையும் விளைந்த நெல்லைப் புசல் கணக்கிலும் கொடுத்தால் ஏக்கருக்கு எத்தனை புசல் என்று சொல்லவேண்டும். ஒரு வகுத்தல், அவ்வளவுதான். ஏக்கர் பூச்சியமாக வரும்போதுதான் வில்லங்கம்.

படி 1. கோட் பக்கம் போக முதல், வரக்கூடிய உள்ளீடுகளைத் தாளில் எழுதுங்கள்.

2 ஏக்கர், 160 புசல்: விடை 80.
3 ஏக்கர், 0 புசல்: விதைத்தார், 2018 மார்கழி மாதிரி ஒரு வெள்ளம் கொண்டுபோய்விட்டது. விடை 0, உண்மையான பூச்சியம்.
0 ஏக்கர், 0 புசல்: இரணைமடுக் குளத்தில் தண்ணீர் போதாததால் சிறுபோகம் விதைக்கவில்லை. விடையே இல்லை.
0 ஏக்கர், 90 புசல்: பதிந்தவர் எங்கோ பிழை விட்டிருக்கிறார்.

கடைசி இரண்டையும் கணிதம் வரையறுக்கப்படாதவை என்றுதான் சொல்லும். ஆனால் நிரல் இரண்டையும் ஒரே மாதிரி நடத்தக்கூடாது.

படி 2. “ஏக்கர் 0 என்றால் விடையும் 0” என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். முதல் இருவரின் விளைச்சல் சராசரி 40. விதைக்காதவரையும் 0 என்று சேர்த்தால் 26.67. பார்ப்பவருக்கு அந்தப் போகமே மோசம் என்று தோன்றும்.

படி 3. உங்கள் நிரல்மொழி என்ன செய்கிறது என்று பாருங்கள். பைதன் அந்த இடத்திலேயே பிழை காட்டி நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் நிற்காது: 90/0 என்றால் முடிவிலி, 0/0 என்றால் நேன், அதாவது ‘எண் அல்ல’ என்ற பெறுமானம். கணினியில் தசம எண் கணக்குக்கென 1985இல் வந்த ஐஈஈஈ 754 தரநியமம் வகுத்த வழி அது. நேன் பொல்லாதது. ஒன்று கூட்டலில் விழுந்தால் மொத்தமும் நேன். அது தனக்குத்தானே கூடச் சமமில்லை. “200ஐ விடக் கூடினால் மறு” என்ற சோதனையையும் சத்தமில்லாமல் தாண்டிவிடும். நேனா என்று தனியாகத்தான் கேட்கவேண்டும்.

படி 4. சரி, இப்போது எழுதலாம். எதிர்க்கணிய ஏக்கர் வந்தால் மறுக்கவும். ஏக்கர் 0, புசல் 0ஐ விடக் கூட என்றால் எந்த வரி என்று சொல்லிப் பிழை எழுப்பவும். இரண்டும் 0 என்றால் வெறுமையாக விடவும். தரவுத்தளத்தில் அது நல் (null), அதாவது ‘பெறுமானம் இல்லை’ என்ற குறி. தரவுத்தள மொழியான எஸ்கியூஎல் சராசரி எடுக்கும்போது நல்லைத் தானாகவே விட்டுவிடும்.

படி 5. ஒருவருமே விதைக்காத போகத்தையும் கொடுத்துப் பாருங்கள். சராசரி எடுக்க ஆளே இல்லை, திரும்பவும் 0/0. அங்கேயும் திரையில் 0 வேண்டாம், “விதைப்பு இல்லை” என்று காட்டுங்கள்.