மர அழுங்கு பொம்மை செய்வது எப்படி?

தண்டையார்பேட்டையில் அக்கா மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக அட்டையில் ஒரு மர அழுங்கு செய்தோம். எறும்புதின்னி என்றதும் எல்லோரும் நம் ஊர் அழுங்கைத்தான் செய்கிறார்கள். அது கனத்த உடம்போடு தரையில் வளை தோண்டி வாழ்வது. மர அழுங்கு மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் மரமேறித் திரிவது, எடை சுமார் 2 கிலோதான்.

முதலில் வால். உடம்பு 40 செ.மீ. வைத்தால் வால் 55 செ.மீ. இருக்கட்டும், உடம்பைவிட வால்தான் நீளம். கிளையைச் சுற்றிப் பிடித்துத் தலைகீழாகக்கூடத் தொங்கும் வால் என்பதால் உள்ளே கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கி வைத்து, பழைய பேப்பரைச் சுற்றிக்கொள்ளுங்கள். நுனியின் அடிப்பக்கம் மட்டும் செதில் இல்லாத வெறும் தோல், பிடிமானமே அங்கேதான், அதனால் அந்த இடத்தை ஒட்டாமல் விடுங்கள்.

செதிலுக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் பழைய அட்டைப்பெட்டி கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு செதிலின் நுனியிலும் மூன்று முனை வெட்ட வேண்டும், நடுமுனை கொஞ்சம் நீளமாக. வயதான விலங்குக்கு முனைகள் தேய்ந்துபோயிருக்கும், ஆகவே சிலது மழுங்கினாலும் பரவாயில்லை. ஒட்டும்போது வால் நுனியில் தொடங்கித் தலையை நோக்கி வாருங்கள். காசிமேட்டில் கொடுவா மீனைப் பார்த்திருப்பீர்களே, செதிலெல்லாம் வால் பக்கம் பார்த்துத்தானே இருக்கும், அதே அடுக்குதான். ஆனால் இது மீன் செதில் மாதிரி இல்லை, நம் நகத்தில் இருக்கிற கெரட்டின். மருந்து என்று நம்பி இதற்காகவே இந்த விலங்கைக் கொல்கிறார்கள். நம் ஊர் அழுங்கைப் பிடிப்பதும் செதிலை விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதைப் பொம்மைக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், எனக்கு பொம்மையைவிட அந்த அட்டை முக்கியம்.

வயிற்றில் செதில் வேண்டாம், வெள்ளைப் பஞ்சு ஒட்டினால் போதும். வாயில் பல்லும் வரையாதீர்கள். எறும்பையும் கரையானையும் ஒட்டி இழுக்கும் நீள நாக்குக்கு ரோஸ் நிற உல்லன் நூல் சரியாக இருக்கும்.

அப்புறம் ஒரு பூவரசங்கிளையில் வாலைச் சுற்றி நிறுத்துங்கள். இது இரவில் இரை தேடும் விலங்கு, பின்னணிக்குக் கருநீலச் சார்ட் வையுங்கள். இடம் இருந்தால் வால் தொடங்கும் இடத்தின்மேல் ஒரு குட்டியை உட்கார வைக்கலாம், தாய் அப்படித்தான் சுமந்து போகும். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான், இரண்டு வைத்துவிடாதீர்கள். கடற்காற்றில் ஃபெவிகால் காய நேரமாகும், முந்தின நாளே ஒட்டி முடித்துவிடுங்கள்.