சுகர் பார்டர்ல இருக்குன்னு ரிப்போர்ட் வந்துருச்சா? எங்க ஆரம்பிக்கணும், என்னென்ன பண்ணணும்

ஃபாஸ்டிங் 109. பக்கத்துல தடிச்ச எழுத்துல ஒரு ‘ஹெச்’, அதாவது ‘ஹை’, அளவு ஜாஸ்தின்னு அர்த்தம். அவ்ளோதான் அந்த ரிப்போர்ட்ல எனக்கு கண்ணுல பட்டது, மத்த ரெண்டு பக்கமும் என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஞாபகம் இல்ல. அன்னைக்கு சாயங்காலமே குளுக்கோமீட்டர் வாங்கிட்டு வந்து குத்த ஆரம்பிச்சவன் மூணாவது நாள் ஒரே நாள்ல பதினொரு தடவ குத்திட்டேன், விரல் நுனியெல்லாம் சல்லடை, நோட்டு ஃபுல்லா நம்பர், ஆனா ஒண்ணுமே புரியல. கடைசில செய்ய வேண்டியதை முதல்ல செஞ்சதுதான் தப்பு. அதனால நீங்க கீழ இருக்க வரிசைப்படியே போங்க.

படி 1: நம்பரை விடுங்க, அது எந்த டெஸ்ட்டோட நம்பர்னு பாருங்க

சுகர் டெஸ்ட்டுன்னு பொதுவா சொல்றோமே தவிர அதுல நாலஞ்சு வகை இருக்கு, ஒண்ணோட அளவை இன்னொண்ணுக்கு வச்சு பாத்தா வீண் பயம்தான் மிச்சம். ஃபாஸ்டிங்னா குறைஞ்சது 8 மணி நேரம் தண்ணி தவிர எதுவும் உள்ள போகாம எடுக்கறது. அதுல 100க்கு கீழ நார்மல், 100லேர்ந்து 125 வரைக்கும் ப்ரீடயபடீஸ், அதாவது சுகர் நோய்க்கு முந்தின பார்டர் நிலை, 126ம் அதுக்கு மேலயும் டயபடீஸ் ரேஞ்ச். ஹெச்பிஏ1சின்னு ஒண்ணு இருக்கும், சுருக்கமா ஏ1சி, என்னன்னு படி 3ல சொல்றேன், அதுல 5.7க்கு கீழ நார்மல், 5.7லேர்ந்து 6.4 ப்ரீடயபடீஸ், 6.5லேர்ந்து டயபடீஸ். அப்புறம் 75 கிராம் குளுக்கோஸை தண்ணில கரைச்சு குடிக்க வச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுக்கற டெஸ்ட்டு, அதுல 140லேர்ந்து 199 வரைக்கும் ப்ரீடயபடீஸ், 200ம் மேலயும் டயபடீஸ்.

இந்த 140 கணக்கு அந்த குளுக்கோஸ் தண்ணிக்கு வச்சது. வீட்ல சாப்ட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்தது 146 வந்துருச்சு, எனக்கு ப்ரீடயபடீஸ் உறுதின்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, நீங்க என்ன சாப்ட்டீங்க எவ்ளோ சாப்ட்டீங்கன்னு ஒவ்வொரு நாளும் மாறும்ல. நேரம் காலம் பாக்காம எப்ப வேணா எடுக்கற ரேண்டம் டெஸ்ட்டும் அப்படித்தான், ப்ரீடயபடீஸ்னு சொல்ல அதுல அளவே கிடையாது.

யூனிட்டையும் பாத்துக்கங்க. சில நாட்டு ரிப்போர்ட்ல 6.1னு போட்டிருப்பாங்க, அது மில்லிமோல் கணக்கு, 18ஆல பெருக்கினா நமக்கு பழகின மில்லிகிராம் கணக்கு வந்துரும், 110ன்னு வரும். இதை ஏ1சி 6.1னு நினைச்சு குழம்பறவங்க நெறைய பேர்.

இன்னொரு கூத்து சொல்றேன். அந்த 100ங்கற கோடு அமெரிக்க டயபடீஸ் அசோசியேஷன் வச்சது, அவங்களே 2003 வரைக்கும் 110ன்னுதான் வச்சிருந்தாங்க, அப்புறம்தான் கீழ இறக்கினாங்க. உலக சுகாதார நிறுவனம் இன்னும் 110லதான் நிக்குது. அப்ப என்னோட 109? ஒரு கணக்குப்படி உள்ள, இன்னொரு கணக்குப்படி வெளிய. அதே ரத்தம்தான். சுகர் 99ல ஆபத்தே இல்லாம இருந்து 100ல திடீர்னு ஆபத்தாகறது இல்ல, அது மெதுவா ஏர்ற சரிவு, எங்கயோ ஒரு இடத்துல கோடு போட்டாகணும்னு போட்டது.

படி 2: டெஸ்ட்டுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சுன்னு யோசிங்க

காய்ச்சல் சளி இருந்துச்சா, ராத்திரி சரியா தூங்கினீங்களா, ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தீங்களா, காலைல பழக்க தோஷத்துல பால் ஊத்தின காபிய குடிச்சுட்டு போனீங்களா? இதுல எதுவா இருந்தாலும் நம்பர் ஏறலாம். நான் முந்தின ராத்திரி ஆஃபீஸ் வேலைன்னு மூணு மணி நேரம்தான் தூங்கியிருந்தேன், ரிப்போர்ட்ட பாத்த பதட்டத்துல அது நெனப்புக்கே வரல.

எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு. எடுத்த ரத்தத்தை ரொம்ப நேரம் அப்படியே வச்சிருந்தா அதுல இருக்க செல்லுங்களே குளுக்கோஸை தின்னுக்கிட்டு இருக்கும், மணிக்கு 5லேர்ந்து 7 சதவீதம் வரைக்கும் குறையும். அதனால நம்பர் குறைவா வந்தாலே நிம்மதின்னும் இல்ல. சுகருக்கு எடுக்கற ட்யூப்ல ஃப்ளோரைடு போட்டிருக்கறது இந்த தின்றத தடுக்கத்தான்.

படி 3: இன்னொரு தடவ, லேப்லயே, ரெண்டு டெஸ்ட்டும் சேத்து

ஒரே ஆளுக்கு எந்த மாத்தமும் இல்லாமலே ஃபாஸ்டிங் நாளுக்கு நாள் அஞ்சாறு சதவீதம் ஏறி இறங்கும். அதனால டாக்டர்கிட்ட கேட்டு ஃபாஸ்டிங்கும் ஏ1சியும் ஒரே நாள்ல எடுத்துருங்க. நல்லா தூங்கின நாளா, உடம்பு சரியா இருக்க நாளா பாத்து போங்க. ஆனா டெஸ்ட்டுக்காக ஒரு வாரம் பட்டினி கெடந்துட்டு போகாதீங்க, பரிட்சைக்கு பிட் அடிச்ச மாதிரிதான் அது.

ஏ1சி என்னன்னா, ரத்த சிவப்பணுவுல இருக்க ஹீமோகுளோபின்ல எவ்ளோ சர்க்கரை ஒட்டியிருக்குன்னு பாக்கறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோட இருக்கும், அதனால இது கடைசி ரெண்டு மூணு மாசத்தோட சராசரிய காட்டும், முந்தா நாள் சாப்ட்ட கல்யாண சாப்பாட்ட வச்சு இது பெருசா அசையாது. ஆனா இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. இரும்புச்சத்து குறைவான ரத்தசோகை இருந்தா ஏ1சி நெசத்தை விட ஜாஸ்தியா காட்டலாம். சமீபத்துல ரத்தம் நெறைய போயிருந்தாலோ, ரத்தம் ஏத்தியிருந்தாலோ, கர்ப்பமா இருந்தாலோ இந்த நம்பரை நம்ப முடியாது. மாதவிடாய் அதிகமா போற பொண்ணுங்க ஏ1சி 5.9னு பாத்து பயப்படறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபின் எவ்ளோன்னும் பாத்துருங்க.

டயபடீஸ்னு சொல்றதுக்கே, அறிகுறி எதுவும் இல்லாதப்ப, ரெண்டு ரிசல்ட் எல்லைய தாண்டி இருக்கணும். ஒரு நம்பர வச்சு யாரும் உங்களுக்கு முத்திரை குத்த முடியாது, நீங்களும் குத்திக்காதீங்க.

படி 4: மீட்டர் வாங்கியே ஆவேன்னா

ப்ரீடயபடீஸ்ல வீட்ல குத்தி பாக்கணும்னு கட்டாயமே இல்ல. ஆனா மனசு கேக்காதுன்னு எனக்கு தெரியும், அதனால ஒழுங்கா எப்படி பாக்கறதுன்னு சொல்லிடறேன்.

கைய சோப்பு போட்டு கழுவி, நல்லா துடைச்சு காய வச்சுட்டுதான் குத்தணும். இதை சும்மா சம்பிரதாயத்துக்கு சொல்றாங்கன்னு நெனச்சேன். ஒரு நாள் பழம் உரிச்ச கையோட குத்தினேன், 171 காட்டுச்சு, எனக்கு கைகாலெல்லாம் நடுங்கிருச்சு, வீட்ல இருந்தவங்க “முதல்ல கைய கழுவிட்டு வா”ன்னாங்க, கழுவிட்டு பக்கத்து விரல்ல குத்தினா 107. விரல்ல ஒட்டியிருந்த பழச்சாறுல இருந்த சர்க்கரைய மீட்டர் என் ரத்தம்னு நம்பிருச்சு.

விரல் நுனியோட நடுவுல குத்தாதீங்க, வலி அங்கதான் ஜாஸ்தி, பக்கவாட்டுல குத்துங்க. ரத்தம் வரலன்னு விரலை போட்டு பிழியாதீங்க, கைய கீழ தொங்க விட்டு லேசா நீவினா போதும். ஸ்ட்ரிப் டப்பாவ திறந்தே வச்சிருந்தா காத்துல இருக்க ஈரம் பட்டு கெட்டுரும், எடுத்த உடனே மூடிருங்க, எக்ஸ்பைரி தேதியும் பாத்துக்கங்க.

இப்ப முக்கியமானது. மீட்டருக்குன்னு இருக்க சர்வதேச தரப்படி, 100க்கு மேல இருக்க ரீடிங்ல 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டினாலும் அது நல்ல மீட்டர்தான். அப்படின்னா நெசமாவே 109 இருக்க ஒருத்தருக்கு மீட்டர் 93ம் காட்டலாம், 125ம் காட்டலாம். அதாவது நார்மல்லேர்ந்து டயபடீஸ் வாசல்படி வரைக்கும்! இத வச்சுக்கிட்டு நேத்து 104 இன்னைக்கு 111, ஏழு ஏறிருச்சுன்னு அழறதுல அர்த்தமே இல்ல, நான் அழுதிருக்கேன், அதனால சொல்றேன். வாரத்துல ரெண்டு நாள் காலைல, ஒரு நாள் சாப்ட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு, போதும். ஒரு மாச நம்பரை மொத்தமா பாத்தா எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும்.

ராத்திரி படுக்கும்போது 98, எதுவுமே சாப்பிடாம காலைல எந்திரிச்சா 110, இது எப்படின்னு எல்லாரும் கேப்பாங்க. விடியக்காலைல உடம்பு எந்திரிக்க தயாராகும்போது கார்ட்டிசால் மாதிரி சில ஹார்மோன் ஏறும், அது ஈரலை தட்டி சர்க்கரைய வெளிய விட வைக்கும். திருட்டுத்தனமா நீங்க ஒண்ணும் சாப்பிடல, கவலைப்படாதீங்க.

படி 5: உருப்படியா செய்யற வேலை

அமெரிக்காவுல ப்ரீடயபடீஸ் இருந்த 3,234 பேரை வச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணி 2002ல முடிவு வெளியிட்டாங்க. சாப்பாடு, நடைன்னு மாத்தினவங்களுக்கு டயபடீஸ் வர்றது 58 சதவீதம் குறைஞ்சுச்சு, சுகருக்கு குடுக்கற மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவங்களுக்கு 31 சதவீதம். அவங்களுக்கு வச்ச இலக்கு என்னன்னு பாத்தா ரொம்ப சாதாரணம்: உடம்பு எடைல 7 சதவீதம் குறைக்கணும், வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடக்கணும். 80 கிலோ இருக்கவருக்கு அஞ்சரை கிலோ சொச்சம், நாளைக்கு அரை மணி நேரம் வீதம் அஞ்சு நாள் நடை.

நடைய சாப்ட்ட உடனே பத்து பதினஞ்சு நிமிஷமா பிரிச்சு வச்சுக்கங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் ஏர்ற சுகர தசை அப்பவே இழுத்துக்கும். சாப்பாட்டுல முதல்ல கை வைக்க வேண்டியது இனிப்பு போட்ட பானம், ஜூஸும் சேத்துதான். அப்புறம் தட்டுல மாவுச்சத்து இருக்க இடத்துல பாதிய காய்கறிக்கும் புரதத்துக்கும் குடுங்க. ஒரேயடியா எல்லாத்தையும் நிறுத்தறேன்னு கிளம்பினா பத்து நாள்தான் தாங்கும், நான் எட்டாவது நாளே விழுந்துட்டேன். ஒல்லியா இருக்கவங்களுக்கு எடை குறைக்கறது இலக்கே இல்ல, அவங்க தசைய ஏத்தற உடற்பயிற்சில கவனம் வைக்கட்டும். தூக்கம், புகை ரெண்டையும் சொல்ல வேண்டியதில்ல.

படி 6: டாக்டர்கிட்ட போறப்ப

ரெண்டு ரிப்போர்ட்டும், எடுத்துக்கற மாத்திரை லிஸ்ட்டும், அப்பா அம்மா கூடப்பொறந்தவங்கள்ல யாருக்கு சுகர்ங்கற தகவலும் கொண்டு போங்க. பிபியும் கொலஸ்ட்ராலும் பாக்கணுமா, எனக்கு மெட்ஃபார்மின் தேவையான்னு நீங்களா கேளுங்க. கர்ப்பத்தப்ப சுகர் வந்தவங்க, எடை ரொம்ப ஜாஸ்தி இருக்கவங்களுக்கு மாத்திரைய பத்தி டாக்டர் யோசிக்கலாம், எல்லாருக்கும் வேணும்னு இல்ல. சுகர முழுசா விரட்டிடும்னு யாராவது பொடி அனுப்பினா அதையும் டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் வாயில போடுங்க.

ஆனா தாகம் தாங்கல, அடிக்கடி ஒண்ணுக்கு போகுது, காரணமே இல்லாம எடை இறங்குது, கண்ணு மங்கலா தெரியுதுன்னா இந்த படியெல்லாம் பாத்துட்டு உக்காந்திருக்காதீங்க, அன்னைக்கே டாக்டரை பாருங்க. அதோட வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்கறதுன்னு வந்தா நேரா எமர்ஜென்சிக்கு.

மத்தபடி மூணு மாசம் கழிச்சு ஒரு ஏ1சி, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவயாவது டெஸ்ட்டு. மூணு மாசம் கழிச்சு எனக்கு ஃபாஸ்டிங் 103, ஏ1சி 5.7. அந்த ‘ஹெச்’ இன்னும் அங்கதான் இருக்கு. டாக்டர் பாத்துட்டு “நடைய விட்ராதீங்க, அடுத்த வருஷம் வாங்க”ன்னு சொல்லி பேப்பர மடிச்சு குடுத்துட்டார்.