பாலைவன கோல்ஃப் கிளப்ல வேலைக்கு சேர்ந்து மேல வர்றது எப்படி
அரிசோனா ஸ்காட்ஸ்டேல் பக்கம் பிரைவேட் கிளப்ல வேலைக்கு சேரணும்னா ஆகஸ்ட்லயே அப்ளை பண்ணிடுங்க, ஏன்னா சீசன் குளிர்காலத்துலதான், அதுக்கு முன்னாடி செப்டம்பர் அக்டோபர்ல கோர்ஸை, அதாவது விளையாடுற மைதானத்தை, சில வாரம் மூடி வெயில்ல வளர்ற பெர்முடா புல்லை ஒட்ட வெட்டி மேல குளிர்ல பச்சையா இருக்கிற ரைகிராஸ் புல் விதை தூவுவாங்க, அப்போ ஆள் தேவை ஜாஸ்தி. கோல்ஃப் கார்ட் (ஆடுறவங்க ஓட்டிட்டு போற சின்ன வண்டி) கழுவுறதை விட புல் வேலைதான் என் சாய்ஸ். விடியுறதுக்கு முன்னாடியே போய் பந்து விழுற 4.25 இன்ச் அகல குழியை புது இடத்துல வெட்டணும், பழைய குழியை மண்ணும் புல்லுமா அடைச்சு சமமா அமுக்கணும், துளி மேடா நின்னாலும் புல் வெட்டுற மோவர் மெஷின் சுரண்டிடும், இதை சுத்தமா பண்றவங்களை மைதான வேலைக்கெல்லாம் தலைவரான சூப்பரின்டென்டன்ட் கண்டிப்பா கவனிப்பாரு. ஸ்பிரிங்க்ளர் ரிப்பேர் கத்துக்கிட்டா இன்னும் கெத்து, அங்க தண்ணிதானே எல்லாம்! அப்புறம் டர்ஃப் (புல் பராமரிப்பு) படிப்பு ஒண்ணு முடிச்சா அசிஸ்டன்ட் சூப்பரின்டென்டன்ட் போஸ்டுக்கு ட்ரை பண்ணலாம். மெம்பர்ஸ் பத்தி வெளிய மூச்சு விடாதீங்க. கோடையில ஆள் குறைக்கலாம், அதனால வருஷம் பூரா வேலையான்னு சேரும்போதே கேட்டுருங்க.