மணற்பாங்கான நிலத்துத் தரை நாவாய்ப்பூச்சியை இனங்காணும் முறை

மணற்பாங்கான இடங்களில் செடிகளின் அடியில் கிடக்கும் சருகை விலக்கினால், கறுப்பும் பழுப்புமாகச் சில பூச்சிகள் விரைந்தோடி மறைவதைக் காணலாம். அவற்றுள் உறிஞ்சுகுழல் வாய் கொண்ட தரை நாவாய்ப்பூச்சிகளும் இருக்கும். ஐரோப்பாவில் வறண்ட மணல்வெளிகளில் வாழும் ரைபரோக்ரோமஸ் பைனி என்னும் இனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸும் ஒரு கண்ணாடிக் குப்பியும் போதும்.

முதலில், அது வண்டு அன்று என்பதை உறுதி செய்யுங்கள். வண்டின் முன்னிறக்கைகள் முதுகின் நடுவே நேர்கோட்டில் பொருந்தும். நாவாய்ப்பூச்சியின் முன்னிறக்கைகளோ நுனிப்பகுதி மெல்லிய சவ்வாக இருக்க, ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். குப்பியின் அடிவழியாகப் பார்த்தால், மார்பின் கீழே மடங்கிய உறிஞ்சுகுழலும் தெரியும்.

அடுத்து, முதிர்ந்த பூச்சிதானா என்று பாருங்கள். இளம்பூச்சியை இனம்வரை கொண்டுசெல்வது தொடக்கநிலையில் வீண்வேலை. ஆனால் இறக்கை குட்டை என்பதற்காகவே இளம்பூச்சி என்று ஒதுக்கிவிடாதீர்கள். முதிர்ந்த பின்பும் குட்டை இறக்கையோடு வாழும் இனங்கள் இக்குழுவில் உண்டு.

பின்னர்க் குடும்பம். நான்கு கணுக்கள் கொண்ட உணர்கொம்பு, கூட்டுக்கண்களுக்கிடையே இரண்டு தனிக்கண்கள் (சிறு புள்ளி போன்ற எளிய கண்கள்), சவ்வில் நான்கைந்து நரம்புகள், முள்ளோடு பருத்த முன்தொடை ஆகியவை சேர்ந்திருந்தால், ரைபரோக்ரோமிடே குடும்பமாக இருக்க வாய்ப்பு மிகுதி. பூச்சியியலாளர் தாமஸ் ஹென்றி 1997இல் செய்த வகைப்பாட்டு மாற்றத்துக்கு முந்தைய நூல்களில் இவற்றை லைகேயிடே என்ற தலைப்பில் தேட வேண்டும்.

இனி இனம், நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். பைனி ஏறத்தாழ 7 முதல் 8 மில்லிமீட்டர் நீளமுள்ளது. தலைக்கு அடுத்துள்ள முன்மார்புக் கவசத்தின் முன்பாதி கறுத்தும், பின்பாதி கரும்புள்ளிகளோடு பழுப்பாகவும், பழுப்பு இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கரிய திட்டோடும் காணப்படும். இந்த நிறக்கோலத்தை மட்டும் நம்பினால், இதையே பெரிதும் ஒத்த ரைபரோக்ரோமஸ் வல்காரிஸிடம் ஏமாந்துபோவோம். ஆகவே கவசத்தின் பக்க விளிம்பை லென்ஸால் முன்னிருந்து பின்வரை தொடர்ந்து பாருங்கள்: வல்காரிஸில் அவ்விளிம்பு முழுவதும் வெளிறியிருக்கும், பைனியில் முன்பகுதி விளிம்பும் கறுத்திருக்கும். அண்மையில் தோலுரித்த பூச்சி எந்த இனமானாலும் வெளிறியே இருக்கும் என்பதால், நிறம் ஏறும்வரை முடிவைத் தள்ளிவையுங்கள்.

மேலிருந்தும் பக்கவாட்டிலும் அடியிலுமாகப் படமெடுத்துப் பூச்சியை அதே இடத்தில் விட்டுவிடுங்கள். படத்தில் விளிம்பு தெளிவாக விழவில்லையென்றால், குறிப்பேட்டில் ரைபரோக்ரோமஸ் என்னும் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.