விண்டோஸை மறுபடி போட்ட பிறகும் மடிக்கணினி படுத்துவிடுகிறதா?

அக்காள் மகனின் மடிக்கணினிக்குக் கடையில் ஒரே மாதத்தில் மூன்று முறை விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் ஒழுங்காக ஓடும். மூன்றாம் நாள் நீல நிறத்தில் பிழைத் திரை காட்டி நின்றுவிடும். கடைசியில் என்னிடம் வந்தபோது திறந்து பார்த்தேன். இரண்டு ராம் (தற்காலிக நினைவக) அட்டைகளில் ஒன்று கெட்டிருந்தது. விண்டோஸ் பாவம், எந்தத் தவறும் செய்யவில்லை.

வட்டை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்ட விண்டோஸும் விழுகிறது என்றால், பழைய மென்பொருள்கள் மீதும் வைரஸ் மீதும் பழி போட முடியாது. சூடு, வன்பொருள், டிரைவர் (வன்பொருளை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். எதைத் தொடுவதற்கு முன்பும் முக்கியமான கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்துவிடுங்கள்.

முதல் வேலை, கணினி என்ன சொல்லிவிட்டு விழுகிறது என்று படிப்பது. ஸ்டார்ட் மெனுவில் ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடித் திறந்து, ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’ பகுதியில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இனி பிழைத் திரை (அண்மைய விண்டோஸ் 11இல் அது கருப்பு நிறம்) மறையாமல் நிற்கும். அதில் ‘ஸ்டாப் கோட்’ என்று இருப்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்றால் முதல் சந்தேகம் ராம் மீது. ‘வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்’ என்றால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர். எந்தத் திரையும் வராமல் விளக்கை அணைத்ததுபோல் பொசுக்கென்று நின்றால் சூடு, பேட்டரி, சார்ஜர் ஆகியவற்றைப் பாருங்கள்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான இவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று சிவப்பாக ஒரு வரியைப் பார்த்துவிட்டுப் பலர் பேட்டரி மாற்ற ஓடுகிறார்கள். முறையாக அணைக்கப்படாமல் கணினி நின்றது என்பதற்கு மேல் அந்த வரி எதுவும் சொல்வதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

அடுத்து நான் பெரிதும் நம்பும் சோதனை. வேறொரு கணினியில், 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில், ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால், விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு என்ற இயங்குதளத்தை ஏற்றுங்கள். பென் டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், கவனம். மடிக்கணினியை உள் வட்டுக்குப் பதிலாக அதிலிருந்து தொடங்கவைத்து (பூட் செய்து), நிறுவாமல், ‘ட்ரை உபுண்டு’ என்பதை மட்டும் தேர்ந்தெடுத்து இரண்டு மணி நேரம் காணொளி ஓட விடுங்கள். அங்கேயும் விழுந்தால் கோளாறு ஏறத்தாழ நிச்சயமாக வன்பொருளில்தான். டிரைவர் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். விழவில்லை என்றால் டிரைவரோ உள்ளே இருக்கும் வட்டோ காரணமாக இருக்கலாம். உபுண்டு பென் டிரைவிலிருந்து ஓடும்போது உள் வட்டுக்கு வேலையே இல்லை என்பதால், வட்டின் கோளாறு இதில் தெரியாமல் போகும்.

சூட்டைப் பார்க்க ‘கோர் டெம்ப்’ என்ற மென்பொருள் போதும். சாதாரண வேலைக்கே 95 டிகிரியைத் தொட்டால் விசிறியில் தூசி அடைத்திருக்கிறது, அல்லது பிராசஸர் மீதுள்ள, சூட்டைக் கடத்தும் பசை காய்ந்துவிட்டது. டச்பேட் மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கக்கூடும். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள்.

ராம் சோதனைக்கு ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ இருக்கிறது. அது கண்டுபிடிக்காமல் விட்ட கோளாறுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓட விடுவது நல்லது. ஒரு பிழை வந்தாலும் ராம் மீது நம்பிக்கை வைக்காதீர்கள். உத்தரவாதக் காலம் முடிந்த மடிக்கணினி என்றால், அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு, ராமைக் கழற்றுங்கள். பொன்னிற முனைகளைப் பள்ளிக்கூட அழிரப்பரால் மெல்லத் துடைத்துத் துகள்களை ஊதிவிட்டு மறுபடி பொருத்தினாலே சில கணினிகள் சரியாகிவிடும். இரண்டு அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே இந்த வித்தை பலிக்காது.

வட்டைச் சோதிக்க ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற மென்பொருள். ‘குட்’ என்று இல்லாமல் ‘காஷன்’ அல்லது ‘பேட்’ என்று காட்டினால் வட்டை மாற்றுங்கள்.

இவையெல்லாம் சுத்தம் என்றால் டிரைவர். விண்டோஸ் அப்டேட்டை முழுவதும் முடிய விடுங்கள். பிறகு உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, மடிக்கணினி நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே முதலில் சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு), அடுத்து கிராஃபிக்ஸ் டிரைவரை இறக்கிப் போடுங்கள். ‘எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களைத் தொடாதீர்கள். பொருந்தாத டிரைவரைப் போட்டுவிட்டு அவை நழுவிக்கொள்ளும்.

கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் பிழைத் திரையின் படத்தையும் மெம்டெஸ்ட் முடிவையும் கையில் கொண்டு போங்கள். அதைப் பார்த்த பிறகும் ‘விண்டோஸ் போட்டால் சரியாகிவிடும்’ என்று சொன்னால், கணினியை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.