மெனோர்க்கா போகிறீர்களா? முதலில் காற்றின் திசையைப் பாருங்கள்

ஸ்பெயினின் மெனோர்க்கா தீவில் எந்தக் கடற்கரைக்குப் போவது என்பதைக் காலையில் காற்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வடக்கிலிருந்து 'த்ரமுந்தானா' காற்று வீசினால் வடகரையில் அலை கொந்தளிக்கும். அன்றைக்குத் தெற்கே காலா கல்தானா, மகரேயா போன்ற குடாக்களுக்குப் போங்கள். பாறைச் சரிவுகள் காற்றை மறைப்பதால் தண்ணீர் அமைதியாக இருக்கும். தெற்குக் காற்று என்றால் நேர்மாறு: வடக்கே ப்ரெகோந்தா, கவாயெரியா. தீவின் குறுக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான், காரில் மாறிப் போவது சிரமமே இல்லை.

வானிலை அறிக்கையில் 'வடக்குக் காற்று' என்றால் வடக்கிலிருந்து வருவது. நம் வாடையும் தென்றலும் அப்படித்தானே பெயர் பெற்றன!

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரியும். ஆனால் காற்றடைத்த மிதவையில் இருக்கும் குழந்தையை அது சத்தமில்லாமல் வெளியே இழுத்துப் போய்விடும். அந்த நாளில் மிதவையே வேண்டாம்.

அப்புறம், காற்று நின்ற மறுநாளும் அலை அடங்காமல் இருக்கலாம். நீளமான சொன் போ கடற்கரையில் தெற்கு அலை அடிக்கும்போது ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் ஆபத்தானது. சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் நனையக்கூட இறங்காதீர்கள்.